வாசகர் கேள்விகள்: நரகம் பற்றி ஒரே குரல் உண்டா?

சென்ற இதழில் வாசகர் ஒருவர், "கிறிஸ்தவர்கள் எல்லோரும் நரகத்தை ஒரே விதமாகத்தான் நம்புகிறார்களா?" என்று கேட்டிருந்தார். இடம் போதாமையால், "இல்லை, தொடக்க நூற்றாண்டுகளிலிருந்தே அதில் கருத்து வேறுபாடு உண்டு" என்று ஒரே வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் சிலவற்றில் கோபம் இருந்தது; சிலவற்றில் நெடுநாள் அடக்கி வைத்த துயரம் இருந்தது. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதுமாக அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் பலர் கேட்டுக்கொண்டபடி எவருடைய பெயரையும் குறிப்பிடவில்லை.

கேள்வி: வேதத்தில் 'நித்திய ஆக்கினை' என்று தெளிவாக எழுதியிருக்கும்போது, கருத்து வேறுபாடு உண்டு என்று எழுதுவது வாசகர்களைக் குழப்புவதாகாதா? நரகத்தை மறுப்பதும் மழுப்புவதும் சொகுசாக வாழும் இக்காலத்து மனிதர்களின் கண்டுபிடிப்பு அல்லவா?

பதில்: தாங்கள் சொல்வதன் முதற்பாதியை மறுக்க முடியாது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம், "இவர்கள் நித்திய ஆக்கினையை அடையவும், நீதிமான்களோ நித்திய ஜீவனை அடையவும் போவார்கள்" என்றுதான் முடிகிறது. தண்டனைக்கும் வாழ்வுக்கும் அங்கே ஒரே அடைமொழி வருவதால், ஒன்றை முடிவுள்ளதாகவும் மற்றொன்றை முடிவற்றதாகவும் படிப்பது எளிதன்று. நூற்றாண்டுகள் பலவாக மேற்குத் திருச்சபையின் பெரும்பான்மை நிலை அதுவாகவே இருந்து வந்திருக்கிறது.

பிற்பாதிதான் வரலாற்றோடு பொருந்தவில்லை. அந்தப் பெரும்பான்மை நிலையை மேற்கில் ஊன்றியவர் வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின். 413க்கும் 426க்கும் இடையில் அவர் எழுதிய 'கடவுளின் நகரம்' என்ற பெருநூலின் 21ஆம் பகுதி நித்திய தண்டனையைப் பற்றியதாகவே அமைந்திருக்கிறது. யாருக்கு மறுப்பாக அதை எழுதினார் என்று பார்த்தால், திருச்சபைக்கு வெளியே நின்று எள்ளி நகையாடியவர்களுக்கு மட்டுமன்று, திருச்சபைக்கு உள்ளேயே இருந்துகொண்டு, தண்டனைக்கு என்றேனும் ஒரு முடிவு வரும் என்று நம்பியவர்களுக்கும் மறுப்பாகத்தான். அவர்களை 'இரக்கமுள்ளவர்கள்' என்று சற்றே குறும்பு தொனிக்கக் குறிப்பிடும் அகஸ்டின், அத்தகையோர் மிகப் பலர் என்று மற்றொரு நூலில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் இருந்த அந்த மிகப் பலரை நாம் இக்காலத்தவர் கணக்கில் எழுதிவிட முடியாது.

கிரேக்கம் பேசிய கிழக்குத் திருச்சபையில் இந்த விவாதம் இன்னும் பழையது. படைக்கப்பட்ட உயிர்கள் யாவும் நெடிய தூய்மைப்படுத்தலுக்குப் பின் கடவுளிடம் திரும்பும் என்று மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற இறையியலாளர் கற்பித்தார். 553இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் அவர் பெயரைக் கண்டிக்கப்பட்டோர் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனால் ஏறத்தாழ அதே நம்பிக்கையை ஒளிவுமறைவின்றி எழுதிய நிசா நகரத்துக் கிரகோரி இன்றுவரை புனிதராகவே போற்றப்படுகிறார். மரணப் படுக்கையில் இருந்த தம் தமக்கை மக்ரினாவுடன் நடந்த உரையாடலாக அவர் எழுதிய நூலில் ஓர் உவமை வருகிறது. காய்ந்த களிமண் அப்பிய கயிற்றைக் குறுகலான துளை வழியே இழுத்தால் கயிறு வந்து சேரும், மண் துளைக்கு வெளியே தங்கிவிடும்; ஆனால் மண் எவ்வளவு இறுக ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்குக் கயிறு படும் பாடும் கடுமையாக இருக்கும். நரகத்தை மழுப்பியவர் என்று இவரைச் சொல்ல முடியுமா? வேதனையை அவர் குறைக்கவில்லை. அதற்கு ஒரு நோக்கமும் ஒரு முடிவும் உண்டு என்றார், அவ்வளவுதான்.

'நித்திய' என்று நாம் படிக்கும் சொல் கிரேக்க மூலத்தில் 'அயோனியோஸ்'. யுகம் எனப் பொருள்படும் 'அயோன்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. 'வரப்போகும் யுகத்துக்குரிய' என்று அதற்குப் பொருள் கொள்வோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அப்படிக் கொண்டால் நித்திய ஜீவனும் ஆட்டம் கண்டுவிடும் என்பது அகஸ்டினின் பதில். 1853இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியராக இருந்த எஃப்.டி. மாரிஸ், 'நித்தியம்' என்பது கால நீளத்தைக் குறிப்பதன்று என்று எழுதியதற்காகப் பதவியையே இழந்தார். ஒரு பெயரடையின் பொருளுக்காக ஒருவர் வேலையை இழந்த நிகழ்ச்சிகள் உலகில் அதிகம் இருக்க முடியாது.

கேள்வி: என் வேதாகமத்தில் சில இடங்களில் 'பாதாளம்' என்றும் சில இடங்களில் 'நரகம்' என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? இயேசு பாதாளத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அவர் நரகத்துக்கா போனார்?

பதில்: இரண்டும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் காப்பாற்றித் தந்திருப்பது நமக்குப் பெரிய நன்மை. 1611இல் வந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு பல இடங்களில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிட்டது.

பழைய ஏற்பாட்டின் எபிரெயச் சொல் 'ஷியோல்'. நல்லவர், தீயவர் என்ற பாகுபாடின்றி இறந்தோர் அனைவரும் சென்று சேரும் நிழலுலகம் அது. மகன் யோசேப்பு இறந்துவிட்டான் என்று நம்பிய யாக்கோபு, துக்கத்தோடே அவனிடத்தில் பாதாளத்தில் இறங்குவேன் என்று அழுதபோது, தன் மகன் தண்டனை பெற்றுவிட்டதாக அவர் எண்ணவில்லை. ஷியோலுக்கு இணையான கிரேக்கச் சொல் 'ஹேடீஸ்'. இயேசு இறந்தோரின் உலகம் வரை இறங்கினார் என்பதே விசுவாசப் பிரமாணத்தின் நேர்ப்பொருள்.

'நரகம்' என்று தமிழில் வரும் சொல் மூலத்தில் பெரும்பாலும் 'கெகன்னா'. அது ஒரு பள்ளத்தாக்கின் பெயர். எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கில், மோளேகு என்னும் தெய்வத்துக்குப் பிள்ளைகளைத் தீயில் பலியிட்டதாகப் பழைய ஏற்பாடு சொல்கிறது. அந்த இடத்தை யோசியா அரசர் தீட்டுப்படுத்தி வழக்கத்தை ஒழித்தார் என்பதும், எரேமியா இறைவாக்கினர் அதைச் சங்காரப் பள்ளத்தாக்கு என்று சபித்தார் என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கின்றன. ஓயாமல் எரிந்துகொண்டிருந்த நகரக் குப்பைமேடு அது என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதற்கு அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை; 1200ஆம் ஆண்டையொட்டி வாழ்ந்த யூத உரையாசிரியர் டேவிட் கிம்கியின் உரையில்தான் அந்தச் செய்தி தலைகாட்டுகிறது. என்னைக் கேட்டால், குப்பைமேட்டைவிடப் பிள்ளைகளைக் கொன்ற இடம் என்ற உண்மை வரலாறே அந்தச் சொல்லுக்கு அதிகக் கனத்தைத் தருகிறது. மனிதர்கள் தம் கைகளாலேயே நரகமாக்கிய ஒரு நிலம் அது.

புதிய ஏற்பாட்டில் கெகன்னா 12 முறை வருகிறது. அவற்றில் 11 இயேசுவின் வாயிலிருந்து வருபவை. மீதமுள்ள ஒன்று யாக்கோபு நிருபத்தில், நாவின் தீமையைப் பற்றிய இடத்தில் வருகிறது. பவுலின் நிருபங்களில் அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

தமிழில் ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. 'நரகம்' என்பது கிறிஸ்தவம் கொண்டுவந்த சொல்லன்று. வினை தீரும் வரை உயிர் துன்புற்று, பிறகு மீண்டும் பிறப்பெடுக்கும் இடத்துக்கு ஏற்கெனவே வழங்கிய பெயர் அது. மீளாத தண்டனை என்ற பொருள் பின்னால் வந்து அந்தச் சொல்லில் குடியேறியது. அதனால்தான் ஒரே சொல்லைப் பேசிக்கொண்டே இரண்டு பேர் வெவ்வேறு இடங்களை மனத்தில் நினைத்துக்கொள்ள முடிகிறது.

கேள்வி: எழுபது ஆண்டு வாழ்க்கையில் செய்த பாவத்துக்கு முடிவே இல்லாத வேதனை என்றால், அதை நீதி என்று எப்படிச் சொல்வது? இதற்கு இறையியலாளர்கள் உண்மையிலேயே ஏதாவது பதில் வைத்திருக்கிறார்களா, அல்லது 'கடவுளின் வழிகள் ஆராய முடியாதவை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்களா?

பதில்: பதில் வைத்திருக்கிறார்கள்; ஒன்றன்று, பல. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் சுவையானது.

தண்டனையின் நீளத்தைக் குற்றம் நடந்த நேரத்தின் நீளத்தால் அளப்பதில்லை என்பது முதல் பதில். ஒரு நொடியில் நிகழ்ந்த கொலைக்கு ஆயுள் முழுவதும் சிறை என்று மனித நீதிமன்றங்களே தீர்ப்பளிக்கவில்லையா என்று இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் வாதத்தை இன்றைய நடையில் சொல்லலாம். இரண்டாவது, குற்றத்தின் எடை, யாருக்கு எதிராக இழைக்கப்பட்டதோ அவருடைய பெருமையைப் பொறுத்தது என்பது. அளவற்ற மகிமையுடையவருக்கு எதிரான குற்றமும் அளவற்றதே என்னும் இந்த வழியில் பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஆன்செல்ம் சிந்தித்தார். அக்வினாஸ் அதை வளர்த்தார்.

முதல் வாதம் எனக்கு நியாயமாகப் படுகிறது; ஆனால் அது நீண்ட தண்டனையை விளக்குமேயன்றி முடிவற்ற தண்டனையை விளக்காது. இரண்டாவது வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அரசனை அடித்தவனுக்கு ஒரு தண்டனை, குடியானவனை அடித்தவனுக்கு ஒரு தண்டனை என்றிருந்த சமூகத்தில் அது இயல்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் குற்றத்தின் எடை இழைத்தவரின் அறிவையும் ஆற்றலையும் பொறுத்தும் அமையவேண்டும் அல்லவா? எசமானுடைய விருப்பத்தை அறிந்தும் செய்யாத ஊழியனுக்கு அநேக அடிகள், அறியாமல் செய்தவனுக்குக் கொஞ்ச அடிகள் என்று லூக்கா 12ஆம் அதிகாரத்தில் இயேசுவே அளவு வேறுபாடு காட்டுகிறார். எல்லாருக்கும் முடிவற்றது என்றால் 'கொஞ்சம்' என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை? வேதனையின் கடுமையில் வேறுபாடு உண்டு என்று மரபுவாதிகள் பதில் சொல்வார்கள்; கொஞ்சமான வேதனையும் முடிவின்றி நீண்டால் கொஞ்சமாக இருக்குமா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மூன்றாவது பதில்தான் கடந்த நூறு ஆண்டுகளில் பலரையும் கவர்ந்தது. கடவுள் எவரையும் நரகத்தில் தள்ளுவதில்லை, மனிதர்தாம் கடவுளை விட்டு விலகி அங்கே தங்கிவிடுகிறார்கள் என்பது அது. நரகத்தின் கதவுகள் உட்புறமாகத் தாழிடப்பட்டவை என்று 1940இல் வெளிவந்த நூலில் ஆங்கில எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் எழுதினார். 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் நரகத்தைக் கடவுளோடுள்ள உறவிலிருந்து தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் நிலை என்றே வரையறுக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு புறநானூற்று வரி எனக்கு நினைவுக்கு வரும். "அருளும் அன்பும் நீக்கி நீங்கா நிரயம் கொள்பவரொடு" சேராதே என்று அரசன் ஒருவனுக்கு நரிவெரூஉத்தலையார் அறிவுரை சொல்கிறார். நிரயம் என்றால் நரகம். அதை யாரும் கொடுப்பதாக அவர் சொல்லவில்லை. அருளையும் அன்பையும் நீக்கியவர்கள் தாமே அதைக் கொள்கிறார்கள். கிறிஸ்தவத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத பாட்டுத்தான். ஆனாலும் லூயிஸ் ஒரு பத்தியில் சொன்னது அதில் ஓரடியில் இருக்கிறது.

இந்தப் பதிலிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. உட்புறத் தாழை ஒருவர் எப்போதாவது திறக்க விரும்பினால் திறக்க முடியுமா? முடியும் என்றால் நரகம் நித்தியமானது என்று சொல்ல இயலாது. முடியாது என்றால் வெளியிலும் யாரோ ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

நான்காவது, தண்டனை முடிவில் அழிவாகவே அமையும் என்ற கருத்து. ஆத்துமா தன்னியல்பில் சாகாதது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை என்றும், சாகாமை கடவுள் தரும் கொடை என்றும், அதை மறுத்தவர்கள் இறுதியில் இல்லாமற் போவார்கள் என்றும் இவர்கள் கருதுகிறார்கள். "ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்திலே அழிக்க வல்லவருக்கே பயப்படுங்கள்" என்னும் மத்தேயு 10:28 இவர்களுக்கு வலுவான ஆதாரம். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் என்னும் சபைப் பிரிவினர் நெடுங்காலமாக இதைக் கற்பித்து வருகிறார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் கோட்பாட்டு ஆணையம் 1995இல் இதே திசையில் எழுதியது. பழமைப் பற்றுள்ள நற்செய்திக் குழுவினரிடையே பெருமதிப்புப் பெற்றிருந்த ஜான் ஸ்டாட், நித்திய வேதனை என்னும் கருத்தைத் தம் உள்ளத்தால் தாங்க முடியவில்லை என்று 1988இல் வெளிப்படையாக எழுதியபோது அவருடைய நண்பர்களில் பலர் அதிர்ந்தார்கள். உணர்ச்சியை வைத்து இதை முடிவு செய்யக்கூடாது, வேதம் என்ன சொல்கிறது என்றே பார்க்கவேண்டும் என்று அவரே அடுத்ததாக எழுதி, பிறகு வேதத்தைக் கொண்டே அழிவுக் கருத்தைத் தயக்கத்தோடு முன்வைத்தார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: நீங்கள் எல்லோரும் பாவிக்காகவே கவலைப்படுகிறீர்கள். என் குடும்பத்துக்கு ஒருவன் செய்த கொடுமையை இங்கே எழுத மாட்டேன். அவன் தண்டிக்கப்படாமலே முதுமையடைந்து, தன் கட்டிலில் நிம்மதியாக இறந்தான். நரகம் இல்லை என்றால் எனக்கு நீதி எங்கே?

பதில்: இத்தனை கடிதங்களிலும் என்னை வாயடைக்க வைத்தது தங்களுடையதுதான். நரகத்தை மறுத்து எழுதுபவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான அறையில் அமர்ந்து எழுதுகிறவர்கள், நானும் அப்படித்தான். துன்புறுத்தப்பட்டவர்களின் நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில்தான் அக்கினிக்கடல் எரிகிறது என்பதையும், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் எங்கள் இரத்தத்துக்காகப் பழிவாங்காமலிருப்பீர் என்று கூப்பிடுவது அதே நூலில்தான் என்பதையும் நாங்கள் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஒன்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள். நான் மேலே குறிப்பிட்டவர்களில் எவரும் அந்த மனிதன் கணக்குக் கொடுக்காமல் தப்பித்துவிடுவான் என்று கற்பிக்கவில்லை. எல்லாரும் இறுதியில் மீட்கப்படுவார்கள் என்று நம்பிய கிரகோரிகூட, தாம் செய்தது இன்னதென்று கொடுமைக்காரர்கள் முழுமையாக உணர்ந்து, அந்த மண் முழுவதும் உரியும் வரை கயிறு வெளியே வராது என்றுதான் சொல்லியிருப்பார். அவன் தங்களுக்குச் செய்ததை ஒருநாள் தங்கள் கண்களின் வழியாகவே பார்க்க நேரும் என்றால், அதைவிடக் கொடிய நெருப்பை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அது தங்களுக்குப் போதுமா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. மன்னிக்கவேண்டும் என்று இந்தப் பகுதியில் தங்களுக்கு நான் உபதேசம் செய்யவும் போவதில்லை.

கேள்வி: என் தந்தை கிறிஸ்தவர் அல்லர். யாருக்கும் தீங்கு நினைக்காமல் வாழ்ந்து மறைந்தார். அடக்கம் முடிந்த அன்றே, விசுவாசத்தில் உறுதியான உறவினர் ஒருவர், "அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று உனக்குத் தெரியும்" என்று என்னிடம் சொன்னார். மூன்று ஆண்டுகளாக அந்த வாக்கியம் என்னை விடவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்த வாக்கியத்தைச் சொன்னவருக்கு அதைச் சொல்லும் அதிகாரம் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை; மிகக் கண்டிப்பான கிறிஸ்தவ மரபும் இதையே சொல்லும். கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானோரைப் புனிதர்கள் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றியும், யூதாசைப் பற்றியும்கூட, அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை.

ஆனாலும் தங்கள் உறவினர் அந்தக் கருத்தைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. திருச்சபைக்கு வெளியே இறப்பவர்கள் நித்திய அக்கினிக்குப் போவார்கள் என்று 1442இல் புளோரன்சு பொதுச்சங்கம் எழுதி வைத்தது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டிய வழியில் நடக்க முயல்பவர்கள் மீட்படைய முடியும் என்று எழுதியது. இடையே 522 ஆண்டுகள். இரண்டும் முரண்படவில்லை, ஒன்று மற்றொன்றின் வளர்ச்சியே என்று விளக்கம் சொல்வோர் உண்டு. அந்த விளக்கத்துக்கு நிறையப் பொறுமை வேண்டும். சீர்திருத்தத் திருச்சபைகளில் இயேசுவை வெளிப்படையாக ஏற்றவர்களுக்கு மட்டுமே மீட்பு என்போர் இன்றும் பெருந்தொகையினராக இருக்கிறார்கள். அவர்களிலும் அதை மனம் வருந்திச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். சவ அடக்கத்தின் அன்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

தங்கள் வலி புதியதன்று. சார்லஸ் டார்வின் தம் தன்வரலாற்றில், நம்பிக்கையற்றவர்களுக்கு நித்திய தண்டனை என்பது மெய்யானால் தம் தந்தையும், அண்ணனும், நெருங்கிய நண்பர்கள் ஏறத்தாழ எல்லாரும் அதில் அடங்குவார்களே என்று எண்ணி, அது ஒரு கொடிய கோட்பாடு என்று எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1887இல் நூல் வெளிவந்தபோது, பக்தியுள்ள மனைவி எம்மாவின் விருப்பப்படி அந்தப் பகுதி நீக்கப்பட்டது. 1958இல்தான் முழுமையாக அச்சேறியது. நரகத்தைப் பற்றிய தனிமனிதர்களின் கருத்துகளைத் தேடிப் படித்தவரையில், பலர் மனத்தை மாற்றியது ஒரு வாதமன்று, ஒரு முகம் என்பதையே நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கெகன்னாவைப் பற்றி இயேசு சொன்னவை யாரை நோக்கிச் சொல்லப்பட்டவை? ஏறத்தாழ எல்லாமே தம் சீடர்களையும், சமயத் தலைவர்களையும் நோக்கி. உன் கண் உனக்கு இடறல் உண்டாக்கினால் என்றுதான் சொன்னார்; உன் அயலானின் கண் என்று சொல்லவில்லை. வெளியாரைச் சுட்டி, அவர்கள் அங்கே போவார்கள் என்று கூட்டத்தை மகிழ்விக்க ஓரிடத்திலும் அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. மத்தேயு 25ஆம் அதிகாரத்துத் தீர்ப்புக் காட்சியிலோ இரு பக்கத்தாரும் ஒன்றுபோல் வியப்படைகிறார்கள். உம்மைப் பசியுள்ளவராக எப்பொழுது கண்டோம் என்று இரு பக்கமும் கேட்கிறது. தம் இடம் எதுவென்று முன்கூட்டியே தெரிந்தவர் அங்கே ஒருவரும் இல்லை. தங்கள் தந்தையின் இடம் தமக்குத் தெரியும் என்று சொன்னவரிடம், வாய்ப்பு நேர்ந்தால், அந்த அதிகாரத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நரக நெருப்பு உண்மையான நெருப்பா?

பதில்: அகஸ்டின், ஆம் என்றார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின், இல்லை, அது உருவகம் என்றார். அதே வேதம் நரகத்தைப் 'புறம்பான இருள்' என்றும் சொல்வதால், இரண்டையும் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வது கடினம். நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிடக் கடவுளை விட்டு முற்றாகப் பிரிந்தவரின் நிலை என்று 1999இல் போப் இரண்டாம் ஜான் பால் விளக்கினார். இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நெடுங்காப்பியத்தில் நரகத்தின் அடியாழத்தில் நெருப்பே இல்லை; அங்கே சாத்தான் பனிக்கட்டியில் உறைந்து கிடக்கிறான். எனக்குப் பிடித்தது ஏழாம் நூற்றாண்டுத் துறவி நினிவே நகரத்து ஈசாக்கின் கருத்து: கெகன்னாவில் இருப்பவர்களை அடிக்கும் சாட்டை அன்புதான், அன்புக்கு எதிராகக் குற்றம் செய்தோம் என்ற உணர்வே எல்லா வேதனையிலும் கூர்மையானது.

கேள்வி: நரக பயத்தையும் எடுத்துவிட்டால் மக்கள் எதற்காக நல்லவர்களாக இருப்பார்கள்?

பதில்: பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர் ஒன்பதாம் லூயியோடு சிலுவைப் போருக்குச் சென்ற ழுவான்வில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைத்திருக்கிறார். அரசரின் தூதராகத் தமாஸ்குவுக்குப் போன துறவி ஒருவர், ஒரு கையில் நெருப்பும் மறுகையில் நீரும் ஏந்தித் தெருவைக் கடந்த மூதாட்டியைக் கண்டு காரணம் கேட்டாராம். நெருப்பால் சொர்க்கத்தை எரித்துவிடவும் நீரால் நரகத்தை அணைத்துவிடவும் போகிறேன், அதன்பின் யாரும் பலனுக்காகவோ பயத்துக்காகவோ நன்மை செய்யமாட்டார்கள், கடவுள் மேலுள்ள அன்புக்காகவே செய்வார்கள் என்று அவள் சொன்னாளாம். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த இசுலாமிய ஞானி பஸ்ரா நகரத்து ராபியாவைப் பற்றியும் இதே கதை வழங்குகிறது. யாருடைய கதையாக இருந்தாலும், அதைக் கேட்ட துறவி அவளோடு வாதாடாமல் அரசரிடம் வந்து சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: எல்லார் கருத்தையும் எழுதுகிறீர்கள். உங்கள் கருத்து என்ன? நழுவாமல் சொல்லுங்கள்.

பதில்: முடிவற்ற வேதனையை நான் நம்பவில்லை. அதை நம்புகிறவர்கள் கல்நெஞ்சர்கள் என்றும் நினைக்கவில்லை. அந்த நம்பிக்கையோடு வாழ்ந்து, அதனாலேயே அயலாருக்காக இரவெல்லாம் விழித்து மன்றாடிய மனிதர்களை நான் அறிவேன். எல்லா மனிதரும் மீட்கப்படவேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் சொல்கிறது; அந்த விருப்பம் நிறைவேறும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். நிறைவேறியே தீரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஏனென்றால், மேலே தம் குடும்பத்துக்கு நேர்ந்ததை எழுத மறுத்த அந்த வாசகரின் முகத்தைப் பார்த்து என்னால் அப்படிச் சொல்ல முடியாது; மனிதர் ஒருவர் அன்பை இறுதிவரை மறுக்க முடியாது என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை, என்னையே எனக்குத் தெரியும். அப்படி மறுப்பவர்கள் இருந்தால் அவர்கள் இறுதியில் இல்லாமற் போவார்கள் என்ற கருத்து, வேத வசனங்களுக்கு மற்றவற்றைவிடச் சற்றுக் குறைவான வன்முறையே செய்கிறது என்று தோன்றுகிறது. நாளை ஒரு நல்ல வாதத்தைக் கேட்டால் மாறக்கூடியவன் நான்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் ஓர் ஆசிரியை நரகத்தை விரிவாக வருணித்ததிலிருந்து என் எட்டு வயது மகள் இரவில் தூங்குவதில்லை. விளக்கை அணைக்க விடுவதில்லை. "நம் பூனையும் அங்கே போகுமா?" என்று கேட்டு அழுகிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

பதில்: விளக்கை அணைக்க வேண்டாம்; இன்னும் சில வாரங்கள் எரியட்டும். அவளிடம் நரகமே இல்லை என்றோ, உண்டு என்றோ இப்போது விளக்கவேண்டியதில்லை. ஆசிரியை சொன்னதைத் தாங்களும் கேட்டறிந்ததாகவும், கடவுள் அவளை நேசிக்கிறார் என்பதில் தங்களுக்கு எந்த ஐயமும் இல்லை என்றும் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவள் உறங்கும் வரை அருகிலேயே இருங்கள். அந்த ஆசிரியையைத் தனியாகச் சந்தித்து, குழந்தைக்கு நேர்ந்ததை மட்டும் கோபமின்றித் தெரிவியுங்கள்; அவர் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க மாட்டார், அவருக்கும் சிறுவயதில் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவள் பெரியவளாகி இந்தப் பக்கத்தில் உள்ளவற்றையெல்லாம் கேட்கும் நாள் வரும். அப்போது எல்லாக் கருத்துகளையும் சொல்லி அவளோடு வாதாடலாம்.

பூனையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் இன்றிரவே பதில் சொல்லிவிடுங்கள். அகஸ்டின் முதல் ஸ்டாட் வரை நான் மேலே குறிப்பிட்ட அத்தனை பேரும் அந்த ஒன்றில் ஒரே கருத்தோடு இருப்பார்கள்: போகாது.